மணி அடித்த பிறகு

1944, பிப்ரவரி மாதம். உலகப் போர் இன்னும் முடியவில்லை. டொரொண்டோ நகரத்தில் கிவானிஸ் சங்கத்தார் முதல் முறையாக ஒரு இசை விழா நடத்துகிறார்கள். விழா என்றதும் கச்சேரி என்று நினைத்துவிட வேண்டாம், போட்டிதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி வாசிப்பார்கள், நடுவர் மார்க் போடுவார். அந்த வருடம் பியானோவுக்கான கோப்பையைப் பதினோரு வயதுப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். பெயர் க்ளென் கூல்ட்.

மீதிக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1955-ல் பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பதிவு, அதன் வழியாக உலகப் புகழ். 1964-ல், முப்பத்தியொரு வயதில், இனி மேடையே வேண்டாம் என்று கச்சேரிகளை நிறுத்தினார். 1966-ல் இசைப் போட்டிகளைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ரோமானிய அரங்கில் சாகப்போகிற வீரர்கள் சக்கரவர்த்திக்குச் சொன்னதாகக் கதைக்கப்படும் வணக்கம் ஒன்று உண்டு. அதைத் திருப்பிப் போட்டு, தகுதி நீக்கம் செய்யப்படப்போகிறவர்கள் சொல்லும் வணக்கமாகத் தலைப்பு வைத்தார்.

சின்ன வயதில் தான் பார்த்த விழாக்களையும் அதில் விட்டுவைக்கவில்லை. பிரிட்டனிலிருந்து வந்து இறங்கும் வயதான நடுவர்கள், பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல் எண் சொல்லிக் கூப்பிடுவது, தட்டிக்கொடுத்துக்கொண்டே ஒரு மார்க்கைக் குறைப்பது, 80-க்குக் கீழே மார்க் போடவே மனசு வராதது என்று எல்லாவற்றையும் மிமிக்ரி செய்கிறார். ஆனால் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். உள்ளூர் விழாவை அவர் கேலிதான் செய்கிறார், வெறுக்கவில்லை. அங்கே ஒரு தோழமை இருந்ததை ஒப்புக்கொள்கிறார். அவருடைய கோபமெல்லாம் பெரிய சர்வதேசப் போட்டிகள் மேல்.

இரண்டுமே போட்டி. இரண்டிலும் பியானோ, நடுவர், பரிசு. அப்புறம் என்ன வித்தியாசம்? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கூல்டை விட்டுவிட்டு, அவர் பிறப்பதற்கு ஐம்பது வருடம் முன்னால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே கதை பியானோவில் தொடங்கவில்லை, பாட்டில் தொடங்கியது.

*

வேல்ஸ் நாட்டில் 'ஐஸ்டெத்வோட்' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. கவிஞர்களும் இசைக்காரர்களும் கூடிப் போட்டியிடும் திருவிழா. 1176-ல் ரீஸ் பிரபு கார்டிகன் கோட்டையில் கூட்டியதை முதலாவது என்று சொல்வார்கள். அங்கே ஜெயித்த கவிஞருக்கு ஒரு நாற்காலி பரிசு. இன்றைக்கும் தேசிய ஐஸ்டெத்வோடில் கவிஞருக்கு நாற்காலிதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் ஜான் ஸ்பென்சர் கர்வென். இவருடைய அப்பா ஜான் கர்வென், இசைக் குறியீடு படிக்கத் தெரியாதவர்களும் பாடுவதற்காக 'டானிக் சால்ஃபா' முறையைப் பரப்பியவர். நம்மூர் தேவாலயப் பாடகர் குழுக்களில் பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். மகன் 1882-ல் கிழக்கு லண்டனில், ரயில் பட்டறைகளும் தொழிலாளர் வீடுகளும் நிறைந்த ஸ்ட்ராட்ஃபோர்டில், ஒரு போட்டி விழாவைத் தொடங்கினார்.

மூன்று வருடம் கழித்து, 1885-ல், இங்கிலாந்தின் வடமேற்கில் கெண்டல் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இன்னொருவர் தொடங்கினார். பெயர் மேரி வேக்ஃபீல்ட். நல்ல பாடகி. வங்கியும் வெடிமருந்துத் தொழிலும் நடத்திய வசதியான குடும்பம். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து சில சின்னப் பாட்டுக் குழுக்கள் வந்து பாடிய போட்டி அது. கொஞ்ச வருடத்தில் அந்தப் பகுதி முழுக்க இந்த வழக்கம் பரவியது.

வேக்ஃபீல்டின் ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் இருந்தது. பகலில் குழுக்கள் தனித்தனியாகப் போட்டியிட வேண்டும். கடைசியில் எல்லாக் குழுவும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய படைப்பைப் பாட வேண்டும். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சாமர்த்தியம்! இருபது பேர் உள்ள ஒரு கிராமத்துக் குழுவால் ஹேண்டலின் ஓரடோரியோவைத் தனியாகப் பாட முடியாது. ஆனால் அதே பகுதிகளை, போட்டியில் ஜெயிக்கும் ஆசையில், பத்து கிராமங்கள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பழகினால், வசந்தத்தில் இருநூறு பேர் கொண்ட பாடகர் குழு தயாராக நிற்கும். பக்கத்து ஊர்க்காரனை ஜெயிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாட்டை, அதே பக்கத்து ஊர்க்காரன் தோளோடு தோள் நின்று பாடுவார்கள். போட்டி அங்கே வெறும் தூண்டில்.

இதே முறையில் 1905-ல் சர்ரே மாவட்டத்தில் லீத் ஹில் இசைப் போட்டி தொடங்கியது. அதன் சங்கீத நடத்துநராக இருந்தவர் இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸ். 1953 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, அந்த கிராமத்துக் குழுக்களைக் கட்டி மேய்த்தார். சிம்ஃபொனிகள் எழுதிப் பேர் வாங்கிய மனிதர், வருடா வருடம் தையல்காரர்களையும் பள்ளி ஆசிரியைகளையும் நிற்க வைத்துப் பாடச் சொல்லிக்கொடுத்தார். எட்வர்ட் எல்காரும் 1903-ல் மோர்கம் விழாவை முன்னிட்டு எழுதிய கடிதத்தில், நாட்டின் உயிருள்ள இசை லண்டனில் இல்லை, வடக்கே எங்கேயோ இருக்கிறது என்கிற பொருளில் எழுதினார். அந்த 'எங்கேயோ' இந்த விழாக்கள்தான்.

*

இந்த வழக்கம் கப்பல் ஏறியது. 1907-ல் கனடாவின் கவர்னர் ஜெனரல் ஏர்ல் கிரே தன் பெயரில் இசை, நாடகப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வருடம், 1908-ல், எட்மண்டனில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் இசை விழா. அந்த மாகாணம் உருவாகியே அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பனியும் கோதுமை வயலும் மட்டுமே தெரிகிற ஊரில், இசைப் போட்டி வந்துவிட்டது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல், வினிபெக் விழா. அது பின்னாளில் நாட்டின் மிகப்பெரிய விழாக்களில் ஒன்றாக வளர்ந்தது.

நடுவர்களை எங்கே பிடிப்பது? உள்ளூர் ஆசிரியரை உட்கார வைத்தால் அவருடைய மாணவர்களே மேடையில் இருப்பார்கள், வம்பு வரும். அதனால் பிரிட்டனிலிருந்து வரவழைத்தார்கள். 1920-களில் ஐரிஷ் பாடகர் ஹாரி பிளங்கெட் கிரீன் போன்றவர்கள் கப்பலில் வந்து, ரயிலேறி, ஒரு ஊரில் விழாவை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். வருடம் ஒருமுறை லண்டன் இசைக்காரர் ஒருவர் நம் ஊருக்கு வந்து, நம் பிள்ளை வாசிப்பதை உட்கார்ந்து கேட்டு, எழுந்து நின்று அதைப் பற்றிப் பேசுகிறார் என்றால், அந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இதற்குள் பியானோ உள்ளே வந்துவிட்டது. டொரொண்டோவின் ஹெயின்ட்ஸ்மன் போன்ற கம்பெனிகள் செய்த நிமிர்ந்த பியானோக்கள் சாதாரண வீட்டுக் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஊருக்கு ஒரு பியானோ டீச்சர் வந்தார், பெரும்பாலும் பெண்கள். வீட்டு முன்னறையில் ஒரு பியானோ, அதன் மேல் ஒரு மெட்ரோனோம், வாசலில் காத்திருக்கும் அடுத்த பிள்ளை. கூல்டுக்கே பத்து வயது வரை டீச்சர் அவருடைய அம்மாதான். விழாக்களில் பியானோப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

இங்கேதான் யாரும் அதிகம் பேசாத ஒரு இழப்பு நடந்தது என்று நினைக்கிறேன். பத்துப் பாடகர் குழுக்கள் மாலையில் ஒன்றாகச் சேர்ந்து பாடலாம். முப்பது பியானோப் பிள்ளைகள் சேர்ந்து என்ன செய்ய முடியும்? ஒரு மேடை, ஒரு பியானோ, ஒரு ஸ்டூல். ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம். வேக்ஃபீல்ட் போட்ட கணக்கில் பகல் பாதி அப்படியே இருந்தது, மாலைப் பாதி காணாமல் போனது. தூண்டில் இருந்தது, அது எதற்காக என்பது மறந்தது.

மிஞ்சியது ஒன்றே ஒன்று: நடுவரின் பேச்சு.

*

நம்மூரில் மேற்கத்திய இசை படிப்பவர்களுக்குத் தேர்வு தெரியும். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்று சென்னையில் எத்தனையோ பிள்ளைகள் கிரேடு கிரேடாக எழுதியிருப்பார்கள். மூடிய அறை, ஒரு தேர்வாளர், ஒரு மாணவர். முடிவு பிறகுதான் வரும். வெளியில் காத்திருப்பவருக்கு உள்ளே யார் என்ன வாசித்தார் என்று தெரியாது.

விழா இதற்கு நேரெதிர். கதவு திறந்திருக்கும். நடுவர் அரங்கின் நடுவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். மேஜையில் விளக்கு, பென்சில், பல விழாக்களில் ஒரு சின்ன மணி. முன்னவருக்கான குறிப்பை எழுதி முடித்ததும் மணியைத் தட்டுவார். அதுதான் அடுத்த பிள்ளைக்கு சிக்னல். ஒரு பிரிவில் எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் கொடுத்திருந்தால் அதே சொனாட்டினாவை அவர் பதினைந்து, இருபது தடவை கேட்டாக வேண்டும். கடைசிப் பிள்ளையும் வாசித்து முடித்த பிறகு எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும் ஒவ்வொருவரைப் பற்றியும் பேச வேண்டும். உன் இடது கை பாட்டை மூடிவிட்டது, நீ மூச்சு விட இடமே கொடுக்கவில்லை, நீ அந்த இடத்தில் மெதுவானது ரொம்ப அழகு.

மார்க்கை மறைத்து வைக்கலாம், காரணத்தை மறைக்க முடியாது. ஒரே பாடத்தை இருபது விதமாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பின் அந்த விளக்கத்தையும் கேட்கிற பிள்ளைக்கு, வீட்டில் தனியாக ஒரு வருடம் வாசித்தாலும் கிடைக்காத ஒன்று அன்றைக்குக் கிடைக்கும். ஒருவரை ஒருவர் தோற்கடிக்க அல்ல, மேன்மையை நோக்கிப் போகிற வழியில் ஒருவருக்கொருவர் வேகம் கொடுத்துக்கொள்ளவே இந்த விழாக்கள் என்று பிரிட்டிஷ் இசையமைப்பாளர் வால்ஃபோர்ட் டேவிஸ் சொன்னதாக ஒரு கருத்து அந்த வட்டாரத்தில் வழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் முறை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிற பிள்ளைக்கு வேகம் கொடுப்பது யார்?

அது டீச்சர் கையில் இருக்கிறது.

*

கனடாவில் பெரும்பாலான விழாக்கள் வசந்தத்தை ஒட்டி வரும். பாடத்திட்டம் அதற்கு மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். டீச்சரின் முதல் முடிவும் பெரும்பாலும் கடைசி விதியும் அங்கேயே: எந்தப் பாடம். பிள்ளையின் கைக்கு எட்டுகிற கடைசிப் படியில் இருப்பதைக் கொடுத்தால் விழாவன்று கால் தடுக்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரு படி கீழே இறங்கிக் கொடுப்பார்கள். கஷ்டமான பாடத்தைத் தட்டுத் தடுமாறி வாசிப்பதைவிட, எளிய பாடத்தைப் பேசுவது போல வாசிப்பது மேல். பெற்றோருக்கு இது எளிதில் பிடிக்காது. "எதிர் வீட்டுப் பிள்ளை பேதோவன் வாசிக்குதே?" என்ற கேள்விக்கு மொழியில்லை, நாடில்லை.

அடுத்தது மனப்பாடம். விரல் தானாக ஓடுகிற மனப்பாடம்தான் முதலில் வரும், முதலில் கைவிடுவதும் அதுதான். வீட்டில் நூறு தடவை சரியாக வந்தது, மேடையில் ஒரு சத்தம் கேட்டதும் அறுந்துவிடும். அறுந்தால் விரலுக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்க மட்டுமே தெரியும். அதனால் நல்ல டீச்சர்கள் பாடத்தைப் பல துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டிலிருந்தும் தொடங்கப் பழக்குவார்கள். "நாலாவது இடத்திலிருந்து வாசி. இப்போ ரெண்டாவது. இப்போ கடைசி." இடது கையை மட்டும் மனப்பாடமாக வாசிக்கச் சொல்வார்கள். பியானோவை மூடிவிட்டு, மனசுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். விழுந்தால் எங்கே எழுந்திருப்பது என்று தெரிந்த பிள்ளைக்கு விழுகிற பயம் பாதி குறைந்துவிடும்.

பிறகு பியானோ. வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு வருவார். பியானோக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முன்பின் தெரியாத ஒரு வாத்தியத்தின் முன் உட்கார்ந்து, ஒரு ஸ்வரம்கூடத் தொட்டுப் பார்க்காமல் தொடங்க வேண்டியிருக்கும். கட்டை கனமாக இருக்கலாம், பெடல் ஆழமாக இருக்கலாம். அதனால் வேறு வீடுகளில், தேவாலயங்களில், பள்ளிக்கூடங்களில் என்று கிடைத்த பியானோவிலெல்லாம் வாசித்துப் பழக வேண்டும். ஸ்டூலைச் சரி செய்வதைக்கூடப் பழக வேண்டும். உட்கார்ந்து, உயரத்தைத் திருகி, கையை மடியில் வைத்து, முதல் வரியை மனசுக்குள் அதன் வேகத்தில் கேட்டுவிட்டு, அப்புறம்தான் கையைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கிய பிள்ளைக்கு நடுவில் பிரேக் கிடையாது.

சின்னச் சின்ன விதிகளும் உண்டு. நடுவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அச்சிட்ட அசல் புத்தகமாக இருக்க வேண்டும், காப்புரிமை இருப்பதால் ஜெராக்ஸ் செல்லாது. தாளக்கட்டங்களுக்கு எண் எழுதி வைத்திருந்தால் குறிப்பு எழுத அவருக்கு வசதி. அந்த எண்களைப் பென்சிலால் எழுதுகிற வேலையைச் சில டீச்சர்கள் பிள்ளைகளிடமே விட்டுவிடுவார்கள். எழுதி முடிப்பதற்குள் பாடத்தின் உருவம் கண்ணில் படிந்துவிடும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. விழாவுக்குச் சில வாரம் முன்பு டீச்சர் தன் மாணவர்களை எல்லாம் ஒரு நாள் வீட்டில் கூட்டி உட்கார வைப்பார். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்டவர் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும், ஆனால் "நல்லா இருந்துச்சு" என்பது செல்லாது. எந்த இடம், ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரே பிரிவில் போட்டியிடப்போகிற இரண்டு பிள்ளைகளும் அந்தக் கூடத்தில் ஒருவருக்கொருவர் நடுவர். வெளியிலிருந்து பார்த்தால் இது மேடை பயத்துக்கான ஒத்திகை. எனக்கென்னவோ கெண்டலில் வேக்ஃபீல்ட் வைத்த அந்தக் கூட்டுப் பாட்டு, பியானோ வந்த பிறகு, இந்த முன்னறைகளில்தான் ஒளிந்துகொண்டு உயிர் வாழ்கிறது என்று தோன்றுகிறது.

*

கூல்டின் கோபத்துக்கு இப்போது திரும்பலாம். சர்வதேசப் போட்டிகளில் காணாமல் போனது மாலை மட்டுமல்ல, பேச்சும்தான். ஷோபான் பெயரில் வார்சாவில் 1927 முதல் நடக்கும் போட்டியில், 1980-ல் ஈவோ போகொரெலிச் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச் அதை எதிர்த்து நடுவர் குழுவிலிருந்தே விலகினார். உலகம் முழுக்க அது செய்தியானது. அங்கே நடுவர் யாரும் எழுந்து நின்று, இவரிடம் எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் இது என்று அரங்கத்துக்கு விளக்க வேண்டியதில்லை. மார்க்குகளைக் கூட்டினால் போதும். பல பேருடைய மார்க்கைக் கூட்டினால் யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, யாரும் பெரிதாக வெறுக்காத ஒருவர் மேலே வருவது நடக்கக்கூடியதுதான். கூல்ட் பயந்தது இந்தச் சராசரியைத்தான். அவரே அந்த மாதிரிப் போட்டி ஒன்றில் வாசித்திருந்தால் எந்தச் சுற்றில் வெளியே போயிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

அவர் 1982-ல் இறந்தார். மூன்றே வருடத்தில், 1985-ல், அவர் நினைவாக டொரொண்டோவில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். என்ன நிகழ்ச்சி? பாஹ் படைப்புகளுக்கான சர்வதேசப் பியானோ போட்டி! மனிதர் இருந்திருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார். ஆனால் அதில் ஜெயித்தவர் ஆஞ்சலா ஹியூவிட். இன்று பாஹ் வாசிப்பவர்களில் தவிர்க்க முடியாத பெயர், கூல்டின் வாசிப்புக்கு முற்றிலும் வேறான வாசிப்பு. போட்டி ஒரு நல்ல கலைஞரைக் கெடுத்தே தீரும் என்று அடித்துச் சொல்ல முடியாதபடி வரலாறே குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கோப்பை நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஓயப்போவதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மணி அடித்து, தன் முறை முடிந்து, கைதட்டலும் அடங்கிய பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பது. இந்த விஷயத்தில் பழைய டீச்சர்களின் விதி ஒன்றே: கடைசிப் பிள்ளை வாசித்து முடிக்கும் வரை எழுந்து போகக் கூடாது. இருபத்தோராவது தடவை அதே சொனாட்டினா. பசிக்கும், சலிக்கும். உட்கார்ந்து கேள்.